வாசகர் கேள்வி – பதில்: தோல் இருக்கைக்கு எண்ணெய் தேய்க்கலாமா?

காரின் தோல் இருக்கைகளைப் பராமரிப்பது குறித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் காரின் கறுப்புத் தோல் இருக்கைகள் வறண்டுவிடக் கூடாது என்று மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவி வருகிறேன். சில மாதங்களாக இருக்கை பிசுபிசுக்கிறது. தையல் ஓரங்களில் கரிய அழுக்குச் சேர்கிறது. வேறு எண்ணெய்க்கு மாற வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எண்ணெய் தடவுவதையே நிறுத்திவிடுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், கடையில் விற்கும் ஆலிவ் எண்ணெய் எதுவானாலும் இந்தப் பதில் மாறாது.

தோலுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும் என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்டதுதான். ஆனால் அவர்கள் கையாண்ட தோல் வேறு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தி, கடுக்காய் சேர்த்து முடித்த அந்தத் தோலின் மேல் எந்தப் பூச்சும் இருக்கவில்லை. அதன் துளைகள் திறந்தே இருந்ததால் செருப்பும் சேணமும் ஊட்டிய எண்ணெயைக் குடித்து மென்மையாயின. புவிசார் குறியீடு பெற்ற கிழக்கிந்தியத் தோல் என்று ஏற்றுமதி வணிகத்தில் பெயர் வாங்கியிருப்பதும் அந்த வகைத் தோல்தான்.

கார் இருக்கைக்கு வரும் தோலின் கதை வேறு. பெரும்பாலும் அது குரோமிய உப்பால் பதப்படுத்தப்படுகிறது. (சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்.) பதப்படுத்திய பிறகு, பெரிய மர உருளைகளில் நீரில் கரைத்த எண்ணெய்ப் பால்மத்தோடு சேர்த்துச் சுழற்றும்போதே தோலுக்கு வேண்டிய எண்ணெய் இழைவரை ஊட்டப்பட்டுவிடுகிறது. அதன்பின் மேற்பரப்பைச் சீராக்கி, நிறப்பூச்சு அடித்து, அதன்மேல் வெயிலையும் உராய்வையும் தாங்குவதற்காகப் பாலியூரித்தேன் என்னும் தெளிந்த படலத்தையும் பூசுகிறார்கள். ஆகவே தோல் இருக்கை என்று நாம் தடவிப் பார்ப்பது உண்மையில் தோலை அன்று. தோலின்மேல் காய்ந்த வண்ணப்பூச்சைத்தான். வண்ணம் அடித்த கதவுக்கு எண்ணெய் தேய்த்தால் மரம் அதைக் குடிக்குமா? உங்கள் இருக்கையும் குடிக்கவில்லை. மேலே தங்கிய எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, நாளடைவில் சிக்குவாடை அடிக்கிறது, எஞ்சியது தையல் துளை வழியாக உள்ளே கசிந்து நூலில் அழுக்கை ஏற்றுகிறது. நீங்கள் காண்பது இதைத்தான்.

இனி அதை எடுக்கும் வழியைச் சொல்கிறேன். கார் நிழலில் நின்று, இருக்கை தொட்டால் சுடாத நிலையில் இருக்க வேண்டும். முதலில் மென்மையான தூரிகை முனை பொருத்திய வேக்குவம் கிளீனரால் மடிப்புகளிலும் தையல் பள்ளங்களிலும் உள்ள மணலை உறிஞ்சி எடுங்கள். பலர் இந்தப் படியை விட்டுவிட்டு நேரே துணியால் தேய்க்கிறார்கள். மணல் இருக்கும்போது தேய்ப்பது உப்புத்தாள் போட்டு இழைப்பதற்குச் சமம். அடுத்து, அமிலமும் காரமும் இல்லாத, தோலுக்கென்றே விற்கும் துப்புரவு நீர்மத்தை இருக்கையின் மேல் தெளிக்காமல் மென்மயிர்த் தூரிகையில் தெளித்து, கையளவுப் பகுதியாக எடுத்துக்கொண்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். நுரை பழுப்பாக வரும். அதை உடனே ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்த பிறகே அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். உங்கள் இருக்கையில் எண்ணெய் படிந்திருப்பதால் ஒரே நாளில் முழுவதும் போகாது; வாரம் ஒருமுறை வீதம் மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். தனி நீர்மம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளிகள் கலந்துகொள்ளலாம். எதுவானாலும் முதலில் இருக்கையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் இருக்கையின் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

துணி துவைக்கும் சோப்பும் சோப்புத் தூளும் வேண்டவே வேண்டாம். தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. அவையோ நல்ல காரத்தன்மை கொண்டவை. படலம் மங்குவதோடு, எங்காவது வெடிப்பு இருந்தால் அதன் வழியே காரம் உள்ளே இறங்கித் தோலையும் கெடுக்கும்.

சுத்தம் செய்து முடித்தபின் இருக்கை பளபளப்பில்லாமல் மங்கலாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். புதிய காரில் தோல் அப்படித்தான் இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறும் மினுமினுப்பு, உடலின் எண்ணெயும் அழுக்கும் தேய்ந்து ஏறிய மெருகே தவிர வேறில்லை. வறட்சிக்குக் காரணம் எண்ணெய்ப் பசி என்பதைவிட வெயில் என்பதே சரி. நம் ஊர்க் கோடையில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். முன் கண்ணாடிக்கு ஒரு வெயில் மறைப்பு வாங்கிப் போடுவது, எந்தப் புட்டி எண்ணெயையும்விட அதிகப் பயன் தரும். கண்டிஷனர் என்று விற்கும் களிம்பைப் பூச விரும்பினால், நீரை அடிப்படையாகக் கொண்டதாகப் பார்த்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மிக மெல்லியதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். அது உராய்வைக் குறைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

அறிவுரை சொல்கிறேனே தவிர, நானும் இதில் அடிபட்டவன்தான். இளமையில் உறவினர் ஒருவரின் பழைய காரைப் புதுப்பொலிவாக்கிக் காட்டுகிறேன் என்று இருக்கை முழுவதும் கறுப்பு ஷூ பாலிஷைத் தேய்த்துவைத்தேன். அன்று மாலை அவர் பட்டு வேட்டியோடு அதில் ஏறி ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார். அதன்பின் வெகுநாள் என்னிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். விற்றவர் முழுவதும் அசல் தோல் என்றார். நண்பர்களோ ரெக்சின் என்கிறார்கள். ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீர்த்துளிச் சோதனை நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை தராது. துளி உள்ளே ஊறி அந்த இடம் கறுத்தால், அது பூச்சில்லாத அனிலைன் வகைத் தோல் என்று அறியலாம். துளி உருண்டு நின்றால், அது பூச்சுள்ள தோலாகவும் இருக்கலாம், செயற்கைத் தோலாகவும் இருக்கலாம். லைட்டரால் சுட்டுப் பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சோதனை முடியும்போது இருக்கையில் ஒரு தழும்பு மிஞ்சும் என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

இருக்கையின் அடியில் உறை முடியும் ஓரத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதே நம்பகமானது. தோலின் உட்புறம் நார் நாராகத் தெரியும். செயற்கைத் தோலின் பின்புறம் நெய்த துணியோ பின்னல் துணியோ ஒட்டியிருக்கும். மேற்பரப்பின் வரிகளையும் கவனியுங்கள்: ஒரே கோலம் அச்சுக் குத்தியதுபோலத் திரும்பத் திரும்ப வந்தால் ஐயப்படலாம், ஆனால் பூச்சுத் தோலிலும் அச்சு வரி இடுவதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

உங்களுக்கும் உங்கள் நண்பர்களுக்கும் நடக்கும் வழக்கில் இரு தரப்பும் வெல்வதற்கு வாய்ப்புண்டு. தோல் இருக்கை என்று விற்கும் கார்கள் பலவற்றில் உடம்பு படும் நடுப்பகுதி மட்டுமே தோல். பக்கங்களும் பின்புறமும் செயற்கைப் பொருள். உயர்விலைக் கார்களிலும் இது உண்டு. மெர்சிடஸின் ஆர்டிகோ, பிஎம்டபிள்யூவின் சென்சாடெக், டொயோட்டாவின் சாஃப்டெக்ஸ் ஆகியவை எல்லாம் செயற்கைத் தோலுக்கு அந்தந்த நிறுவனம் சூட்டிய பெயர்களே. இதில் தாழ்வாக நினைக்க எதுவும் இல்லை. நல்ல செயற்கைத் தோல் சுத்தம் செய்ய எளிது, கண்டிஷனரும் தேவையில்லை.

அதன் முதுமை மட்டும் வேறு விதமானது. பிவிசி வகையில், அதை வளைந்து கொடுக்கச் செய்யும் நெகிழ்வுப் பொருள் வெப்பத்தில் மெல்ல வெளியேறிவிட, உறை விறைத்து வெடிக்கிறது. பாலியூரித்தேன் வகையிலோ காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து மூலக்கூறுச் சங்கிலியையே அறுத்துவிடுவதால், மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது. உரியத் தொடங்கிய பின் பூசிச் சரிசெய்யும் மருந்து எதுவும் கிடையாது. உறையை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: தங்கையின் திருமணத்தன்று யாரோ மஞ்சள் கையை என் காரின் வெளிர்நிற இருக்கையில் வைத்துவிட்டார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்ததும் மஞ்சள் போகாமல் சிவப்பாக மாறிவிட்டது. தோல் வெந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாறியது மஞ்சளின் நிறம்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, காரப் பொருள் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அது சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் உங்கள் இருக்கையிலும் நடந்திருக்கிறது. சோப்பு இங்கே சுண்ணாம்பின் வேலையைச் செய்துவிட்டது.

முதலில் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பு மிச்சமில்லாமல் துடைத்தெடுங்கள். பின் ஒரு கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்து, அதில் துணியை நனைத்து ஒற்றினால் கறை மீண்டும் மஞ்சளாகும். உடனே மறுபடி வெறும் நீரால் துடைத்துவிடுங்கள். அதற்குமேல் மென்மையான துப்புரவு நீர்மத்தால் ஓரிரு முறை முயன்று பாருங்கள். முழுவதும் போகாவிட்டாலும் விட்டுவிடலாம், ஏனெனில் மிச்ச வேலையைச் சூரியன் செய்துவிடும். குர்குமின் ஒளியில் சிதையக்கூடியது. மஞ்சள் கறை பட்ட வேட்டியை நம் வீடுகளில் வெயிலில் உலர்த்துவது வீண் வழக்கம் அன்று. வெயில் தோலுக்கு ஆகாது என்று மேலே எழுதிவிட்டு இங்கே வெயிலில் காட்டச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆகவே அளவோடு செய்யுங்கள்: காலை இளவெயில் கறையின்மேல் விழும்படி கதவைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் வீதம் சில நாள் நிறுத்துங்கள்.

குங்குமக் கறையில் மட்டும் இந்த நம்பிக்கையை நான் தர மாட்டேன். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டு செய்த குங்குமமானால் மேற்சொன்ன வழியே போதும். கடையில் வாங்கும் செயற்கைச் சாயக் குங்குமமானால், ஜீன்ஸ் துணியின் நீலச் சாயத்தைப் போலவே படலத்துக்குள் இறங்கிவிடும். இத்தகைய சாயக் கறைகளில் காலம்தான் முக்கியம். அன்றைக்கே துடைத்தால் போகும், ஒரு மாதம் விட்டால் போகாது. போகவில்லை என்ற கோபத்தில் நகப்பூச்சு நீக்கி, தின்னர், பெட்ரோல், கைகழுவும் சானிடைசர் எதையும் எடுத்துவிடாதீர்கள். அவை கறையோடு சேர்த்து இருக்கையின் நிறத்தையும் கரைத்தெடுக்கும். எல்லாக் கறையும் போக்கும் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சும் அப்படியே: மெலமின் என்ற பொருளால் ஆன அது பார்க்க மென்மையாக இருந்தாலும் நுண்ணிய உப்புத்தாள்தான்.

திருமணக் காலத்தில் இன்னொன்று: தலை சாயும் பகுதியில் மல்லிகைச் சரமும் தலை எண்ணெயும் ஏற்றும் கறை. பழைய அம்பாசிடர் கார்களில் வெள்ளைத் துணி உறை மாட்டியிருந்ததை இன்று பலர் கேலி செய்கிறார்கள். அதைவிட நல்ல தீர்வு இதுவரை என் கண்ணில் படவில்லை.

கேள்வி: மழைக்காலத்தில் இரண்டு மாதம் காரை எடுக்கவில்லை. திறந்து பார்த்தால் இருக்கை முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம். என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: காரை வெளியே கொண்டுவந்து எல்லாக் கதவுகளையும் திறந்து, முகக்கவசம் அணிந்துகொண்டு தொடங்குங்கள். உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். வித்துகள் கார் முழுவதும் பரவும். ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதிய பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பின் வழக்கமான துப்புரவு நீர்மத்தால் சுத்தம் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தொடவே வேண்டாம். முடிந்தபின் ஏசியை ஓடவிட்டு அரைமணி நேரம் காரை ஓட்டுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி நீராக வெளியே விடுகிறது என்பதால், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இப்படி ஓட்டிவந்தாலே பூஞ்சணம் பெரும்பாலும் அண்டாது.

துடைத்து இரண்டு வாரத்தில் அது மறுபடி வந்தால் இருக்கையில் தேடாதீர்கள். கால்மிதிக்கு அடியிலுள்ள தரைவிரிப்பை அழுத்திப் பாருங்கள். அங்கே நீர் ஊறியிருந்தால், ஏசி நீர் வெளியேறும் குழாயோ சன்ரூஃபின் வடிகுழாயோ அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாத வரை மேலே துடைப்பது வீண்.

வெள்ளத்தில் மூழ்கிய காரானால் நிலைமை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. இருக்கைவரை நீர் ஏறியிருந்தால் உள்ளிருக்கும் பஞ்சு சேற்று நீரைக் குடித்திருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் நாற்றம் போகாது. உறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எதையும் கழற்றுமுன் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இருக்கைக்கு அடியில் வரும் ஒயர்களில் மஞ்சள் நிற இணைப்பு ஏர்பேகுக்கு உரியது. அதை வீட்டில் பிடுங்காமல், பழகிய பணிமனையில் பேட்டரி இணைப்பைத் துண்டித்த பின் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய தோலை நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்தினால் தோல் சுருங்கி விறைத்து, மறுபடி அந்த இருக்கையில் மாட்ட முடியாமல் போகும்.

கேள்வி: தோல் இருக்கை கெடாமலிருக்க அதன்மேல் உறை தைத்துப் போடலாமா? காற்றுத் துளைகள் உள்ள இருக்கை என்பதால் சுத்தம் செய்யவும் தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: இருக்கையின் வெளிப் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற சிறு பட்டி தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பக்கவாட்டு மோதலின்போது அந்தத் தையலைப் பிளந்துகொண்டுதான் ஏர்பேக் வெளிவர வேண்டும். தடித்த உறை அதைத் தடுக்கவோ திசை திருப்பவோ கூடும். அதோடு, துளையிட்ட இருக்கைக்கு உறை போட்டுவிட்டால், அந்தத் துளைகள் வழியே காற்று வீசும் உள்விசிறிக்குக் கொடுத்த பணம் வீண். என் கருத்தில் உறை வேண்டாம். குழந்தை இருக்கை பொருத்தும் இடத்தில் மட்டும் தழும்பு விழாமலிருக்க மெல்லிய துண்டு ஒன்று விரிக்கலாம். தடித்த மெத்தை வைத்தால் குழந்தை இருக்கையின் பிடிப்பு தளரும்.

துளையுள்ள இருக்கையில் நீர்மத்தை நேரே தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைத்தால் போதும். துளைகளில் களிம்பு வெள்ளையாக அடைத்திருந்தால் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதுதான். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் அங்கே களிம்பு பூசாமலிருப்பதே நல்லது.

கேள்வி: ஓட்டுநர் இருக்கையின் கதவோர மேட்டில் மட்டும் தோல் வெடித்து நிறம் போயிருக்கிறது. எதைப் பூசினால் வெடிப்பு மூடும்?
– வாசகர், வேலூர்

பதில்: பூசி மூடும் வெடிப்பு அன்று அது. ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நம் எடை முழுவதும் அந்த மேட்டில் உராய்ந்து படலம் தேய்ந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, நுண்ணிய உப்புத்தாளால் சமப்படுத்தி, வளைந்து கொடுக்கும் நிரப்புக் களிம்பை மெல்லிய அடுக்குகளாக இட்டு, நிறமும் மேற்படலமும் பூசும் பணியைத் தோல் புதுப்பிப்போர் செய்து தருகிறார்கள். வெடிப்பு ஆழமாகி உள்நார் தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்துப் புதுத் தோல் வைத்துத் தைக்கலாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும்போது தோலுக்குப் பஞ்சமில்லை.

நிறம் பொருத்தும்போது ஒரு தவறு நேர்கிறது. இருக்கையின் அடியில் மறைந்திருக்கும் பகுதியின் நிறத்தைக் காட்டி அதுதான் அசல் என்பார்கள். அதைப் பூசினால் ஒட்டுப்போட்டது தனியே தெரியும், ஏனெனில் மேற்பகுதி முழுவதும் பல ஆண்டு வெயிலில் வெளுத்திருக்கும். இருக்கையை முதலில் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, வெடிப்புக்குப் பக்கத்திலுள்ள நிறத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் உராய்ந்து ஏறாமல், முதலில் நடுவில் அமர்ந்து பிறகு கால்களை உள்ளே எடுத்துப் பழகுங்கள். கால்சட்டையின் பின் பாக்கெட்டிலுள்ள சாவிக்கொத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள்.